புழு பார்க்கப் போன கதை

செப்டம்பர் 4, வியாழன்: துர்கு துறைமுகம், கப்பல்

இருபத்தாறு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தினேன். ஒவ்வொரு வருடமும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் பத்துப் பன்னிரண்டு வட்டங்கள் போடுவேன். சிலவற்றைச் சாக்பீஸால் நிரப்புவேன், மற்றதைக் காலியாக விடுவேன், குறுக்கும் நெடுக்கும் அம்புக்குறி. "இதுதான் மெட்டாபாப்புலேஷன். ஒரே இனம் சின்னச் சின்னத் துண்டு இடங்களில் பிரிந்து வாழும், ஒரு துண்டில் அழிந்தால் இன்னொன்றிலிருந்து வந்து மறுபடி குடியேறும். நிரப்பிய வட்டத்தில் உயிர் உண்டு, காலி வட்டத்தில் இல்லை. உதாரணம், பின்லாந்தின் ஓலாண்ட் தீவுகளில் இருக்கும் கிளான்வில் ஃப்ரிடிலரி பட்டாம்பூச்சி. ஆராய்ந்தவர் இல்கா ஹான்ஸ்கி. ஐந்து மார்க்." மணி அடித்துவிடும். ஓலாண்ட் எங்கே இருக்கிறது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

போன வருடம் ஓய்வு பெற்றேன். மகள் பின்லாந்தின் துர்கு நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். இரண்டு மாதம் அவளோடு இருக்கலாம் என்று வந்த இடத்தில், பஸ் நிறுத்தத்து வரைபடத்தில் பார்த்தால் நேர் மேற்கே கடலுக்குள் ஓலாண்ட். பகல் கப்பலில் ஐந்தரை மணி நேரம். சிவகங்கையிலிருந்து திருச்சிக்குப் போய்த் திரும்புகிற நேரம்தான்.

"பட்டாம்பூச்சி பார்க்கக் கப்பலாம்மா?" என்றாள். "இங்க வர்ற எல்லாரும் லாப்லாந்து போகணும்பாங்க." ஆனாலும் லீவு போட்டாள்.

கப்பல் காலை எட்டே முக்காலுக்குக் கிளம்பியது. துர்குவிலிருந்து கிளம்பினால் கடல் என்று எதுவும் தெரிவதில்லை, தீவுதான் தெரிகிறது. எருமை முதுகு மாதிரி வழவழப்பான பாறைத் தீவுகள், மேலே நாலு பைன் மரம், ஒரு சிவப்பு மர வீடு. ஒன்று முடிந்தால் அடுத்தது. கப்பலுக்குள்ளோ தேர்த் திருவிழாக் கூட்டம். ஆனால் சத்தம் இல்லை. பாதிப் பேர் தீவுக்குப் போகிறவர்களே அல்ல. சாராயக் கடைக்கு வந்தவர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரி வட்டத்துக்குள் ஓலாண்ட் வராது. அதனால் அங்கே ஒரு எட்டு தொட்டுவிட்டுப் போகும் கப்பலில் எல்லாம் வரியில்லாமல் விற்கலாம். பீர் அட்டைகளைச் சின்னத் தள்ளுவண்டியில் அடுக்கிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போனார் ஒரு தாத்தா. கட்டிய நேர்த்தி அப்படி இருந்தது.

பஃபே சாப்பாடு ஆளுக்கு நாற்பது யூரோவைத் தொட்டது. நம்ம கணக்கில் நாலாயிரம் ரூபாய். மேல்தளத்தில் உட்கார்ந்து புளியோதரை டப்பாவைத் திறந்தேன். பக்கத்து பெஞ்சு அம்மா மூக்கைச் சுளிப்பார் என்று பயந்தால், அவர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் கைப்பையை மடிக்கு எடுத்துக்கொண்டு எங்கள் டப்பா மூடிக்கு இடம் விட்டார். ஒரு வார்த்தை இல்லை. இறங்கும்வரை இல்லை. இந்த ஊர் மரியாதை இப்படித்தான், வாயால் செய்வதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மகள் போனை நோண்டிக்கொண்டே கேட்டாள். "அம்மா, இது எந்த மாசம் பறக்கும்?"

"கோடையில."

"ஜூன்லன்னு போட்டிருக்கு. ஜூலை தொடக்கத்துல முடிஞ்சிருமாம். இன்னைக்கு செப்டம்பர் நாலு."

இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவளுக்கு அதன் வாழ்க்கைச் சுழற்சி தெரியவில்லை. வட்டமும் அம்பும்தான் தெரியும். செப்டம்பரில் அது புழுவாக, வலைக்கூட்டுக்குள் குளிருக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். அறைக்குக் கட்டிய பணம் திரும்பாது.

"சரி, புழு பார்க்கலாம்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் பீர் தாத்தாவே திரும்பிப் பார்த்தார்.

செப்டம்பர் 5, வெள்ளி: மரியஹாம்ன்

ஓலாண்டின் தலைநகரம் என்று சொன்னால் நம்ப முடியாது. பன்னிரண்டாயிரம் பேர்கூட இல்லை. தீவுகள் அத்தனையையும் கூட்டினால் முப்பதாயிரம் சொச்சம். தெருவின் இரண்டு பக்கமும் லிண்டன் மரங்கள், இலை மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. சாலைகள் சிவப்பு. இங்கே கிடைக்கும் சிவப்புக் கருங்கல் ஜல்லியைத் தாரில் போடுவதால் அந்த நிறமாம். கோலத்துக்குக் காவி பூசியது போல இருந்தது.

நாடு பின்லாந்து, பேச்சு சுவீடிஷ். 1921-இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தீவைப் பின்லாந்துக்குக் கொடுத்து, மொழியும் தன்னாட்சியும் தீவுக்காரர்களுக்கே என்று எழுதிவைத்துவிட்டது. தனிக் கொடி, தனித் தபால்தலை. மூன்று வருடம் மாலை வகுப்பு போய்ப் பின்னிஷ் படித்த மகள் கடையில் வாய் திறந்தால், அந்தப் பெண் புன்னகையோடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறாள். இவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே. "இந்த ஊர்ல நானும் நீயும் ஒண்ணும்மா."

மதியம் ஓலாண்ட் அப்பம் சாப்பிட்டோம், ஏழரை யூரோ. ரவையைப் பாலில் கஞ்சியாகக் காய்ச்சி, முட்டையும் ஏலக்காயும் சேர்த்து அடுப்பில் வேகவைத்துச் சதுரமாக வெட்டித் தருகிறார்கள். மேலே உலர்ந்த பிளம் பழக் கூழ், அடித்த க்ரீம். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடினால் ஆறிப்போன ரவா கேசரி. ஏலக்காய் இங்கே எப்படி வந்து இவ்வளவு உரிமையோடு உட்கார்ந்தது என்று தெரியவில்லை, ரொட்டியிலும் அதுதான். கறுப்பு ரொட்டி என்று ஒன்று இருக்கிறது. இனிப்பும் லேசான கசப்புமாகக் கருப்பட்டி ஞாபகம் வரும். வெண்ணெய் தடவித் தின்றால் நிறுத்த முடியாது.

சாயங்காலம் பஸ் பிடித்து கோட்பி என்ற சிற்றூருக்கு வந்துவிட்டோம். விடுதி என்பது ஒரு பாட்டியின் வீட்டு மாடி. "எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டார். பட்டாம்பூச்சி என்றேன். "இப்போது இல்லையே" என்றார். இந்தத் தீவில் எனக்கு மட்டும்தான் தெரியாது போலிருக்கிறது.

செப்டம்பர் 6, சனி: காலியான இடங்கள்

சைக்கிள் வாடகை ஒரு நாளைக்குப் பதினைந்து யூரோ, பேட்டரி சைக்கிள் முப்பத்தைந்து. நான் முப்பத்தைந்து, மகள் பதினைந்து. பதினாறு டிகிரி வெயில், எதிர்க்காற்று. கஸ்தல்ஹோம் கோட்டைப் பக்கம் ஓட்டினோம்.

எங்கே தேடுவது? எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். புழு தின்பது இரண்டே செடி. ஒன்று நீள இலை பிளாண்டாகோ. இன்னொன்று நீலக் கதிராகப் பூக்கும் வெரோனிகா. பிளாண்டாகோவை நமக்கும் தெரியும். மலச்சிக்கலுக்கு ராத்திரி கலக்கிக் குடிக்கும் இசப்கோல் இருக்கிறதே, அதன் பங்காளி. இலை ஒரு சாண் நீளம், அடியிலிருந்து நுனிவரை ஐந்து நரம்பு, நடுவில் குச்சி மாதிரி தண்டு, உச்சியில் மிளகு நிறத்தில் ஒரு கதிர். வளமான மண்ணில் மற்ற புல் இதை அமுக்கிவிடும். பாறைக்கு மேல் நாலு விரல் மண், தெற்குப் பார்த்த வெயில், ஆடு மேய்ந்து குட்டையான புல், அப்படிப்பட்ட இடம்தான் இதன் இடம்.

நான் கற்பனை செய்துவைத்திருந்தது பெரிய பச்சைப் புல்வெளி, அதைச் சுற்றிக் காடு. கரும்பலகை வட்டம் அந்தப் பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. நேரில் பார்த்தால் ஒவ்வொன்றும் நம்ம வீட்டு முற்றம், மிஞ்சினால் ஒரு களத்துமேடு. பாறைக்கும் கோதுமை வயலுக்கும் நடுவில் ஒரு நாடா. தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கும் முக்கில் ஒரு துண்டு. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு சரிவு. எழுபதுக்கு ஐம்பது கிலோமீட்டர் பரப்பில் இப்படி ஏறக்குறைய நாலாயிரம் துண்டுகளை ஹான்ஸ்கியின் குழு அளந்து எண் போட்டு வைத்திருக்கிறது. 1993-இலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மாணவர்கள் வந்து துண்டு துண்டாக மண்டியிட்டுக் கூடு எண்ணுகிறார்கள். ஒரு வருடத்தில் புழு இருப்பது சுமார் ஐந்நூறில். மற்றதெல்லாம் காலி.

அந்தக் காலிகளில் பதினோரு துண்டுகளை இன்றைக்கு நான் பார்த்தேன்.

ஒரு தோட்டத்து வாசலில் அனுமதி கேட்கப் போனோம். ரப்பர் பூட்ஸ் போட்ட பெரியவர் வந்தார். மகள் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொல்வதற்குள் கையை ஆட்டினார். "வண்ணத்துப்பூச்சி ஆட்களா? போங்கள், போங்கள். வேலிக் கதவை மட்டும் சாத்திவிடுங்கள், ஆடு வெளியே போய்விடும்." வருடா வருடம் யாராவது வந்து அவர் நிலத்தில் குப்புறக் கிடப்பது அவருக்கு ஊர்த் திருவிழா மாதிரி பழகிவிட்டது. அப்பா காலத்தில் மாடு நின்றது, இப்போது பத்து ஆடு, அதையும் எடுத்துவிட்டால் ஜூனிபர் புதர் ஏறிவிடும் என்று சரிவைக் காட்டினார். சரிவின் மேல்பாதி ஏற்கெனவே புதர்தான். ஆடு மேய்ந்தால் கூட்டை மிதிக்கும். மேயாவிட்டால் செடியே இருக்காது. இந்தப் பூச்சியின் பிழைப்பு இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது.

திரும்பும்போது நான் அந்த ஜூனிபர் புதரிலேயே சைக்கிளோடு விழுந்தேன். பேட்டரி சைக்கிளில் மிதிக்காமலே முன்னால் பாய்கிற ஒரு பொத்தான் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. முழங்கையில் சிராய்ப்பு. போய்க்கொண்டிருந்த கார் ஒன்று நின்றது. ஒரு பெண் இறங்கி, முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்திரி ஒட்டி, "நன்றாக இருக்கிறீர்களா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார். நம்ம ஊராக இருந்தால் இந்நேரம் சோடா வந்திருக்கும், இருபது பேர் கூடியிருப்பார்கள், எந்த ஊர் என்று கேட்டுச் சொந்தம்கூட ஆகியிருப்போம்.

வழியில் சாலையோரத்தில் ஆளில்லாத ஆப்பிள் கடை. ஒரு மேசை, பைகள், தகர உண்டியல். ஒரு பை மூன்று யூரோ. பின்லாந்தின் ஆப்பிளில் பெரும்பகுதி இந்தத் தீவில்தான் விளைகிறது. எங்களிடம் ஐந்து யூரோ நோட்டுதான் இருந்தது. மீதி இரண்டு யூரோவை உண்டியலுக்கே விட மனமில்லாமல் மகள் இரண்டாவது பையை எடுக்க, ஒரு யூரோ குறைந்தது. நாளைக்கு வந்து போட்டுவிடலாம் என்று எழுதிவைத்துக்கொண்டாள். என் வளர்ப்பு.

செப்டம்பர் 7, ஞாயிறு: மழை, உண்ணி, கணக்கு

விடியற்காலையிலிருந்து தூறல். ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது என்பது பஸ் நிறுத்தத்தில் அரைமணி நேரம் நனைந்த பிறகு தெரிந்தது. கால அட்டவணையில் எழுதியிருக்கிறது, சுவீடிஷில்.

திரும்பி வந்து உடை மாற்றும்போது மகள் அலறினாள். முழங்காலுக்குப் பின்னால் எள்ளளவு கறுப்பு. உண்ணி. மாட்டுக்கு இருந்தால் விரலால் பிடுங்கிப் போட்டிருப்பேன். பாட்டி என் கையைத் தட்டிவிட்டார். வங்கி அட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக், ஓரத்தில் வி வடிவில் ஒரு வெட்டு. அதைத் தோலோடு ஒட்டிச் செருகி மெல்லத் தள்ளினார், தலையோடு வந்துவிட்டது. இந்தத் தீவில் உண்ணி மூளைக் காய்ச்சலைக் கொண்டுவரும். ஊர்க்காரர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்கிறார்கள். கடித்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, சிவப்பு பரவினால் மருத்துவரிடம் போகணும் என்றார். வட்டம் போட்டதும் மகள் என்னைப் பார்த்தாள். "உன் வட்டம் என் காலுக்கே வந்துருச்சு."

மழையில் வேறென்ன செய்ய, டீயை வைத்துக்கொண்டு அவளுக்குப் பாடம் எடுத்தேன். என்னுடைய நல்ல வகுப்புகளில் இதைச் சேர்க்கலாம்.

நம்ம பக்கம் கண்மாய்கள் சங்கிலியாக இருக்கும். மேல் கண்மாய் நிரம்பி மறுகால் போனால் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். ஏதாவது ஒரு கண்மாய் வற்றிப்போகும், கெண்டையும் கெளுத்தியும் தீர்ந்துபோகும். அடுத்த மழைக்கு மறுகால் தண்ணீரோடு மேலேயிருந்து மீன் வந்து சேரும். தனித்தனியாகப் பார்த்தால் எந்தக் கண்மாயிலும் மீன் நிரந்தரமில்லை, சங்கிலியில் நிரந்தரம். ரிச்சர்ட் லெவின்ஸ் என்ற அமெரிக்கர் 1969-இல் இதை ஒரு வரிச் சமன்பாடாக எழுதினார். அவர் யோசித்தது பயிர்ப் பூச்சிகளைப் பற்றி. குடியேறும் வேகம் ஒன்று, அழியும் வேகம் ஒன்று. அழிவை வரவால் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால், எத்தனை பங்கு இடங்களில் உயிர் இருக்கும் என்று வந்துவிடும். வரவைவிட அழிவு மிஞ்சினால் விடை பூஜ்யத்துக்குக் கீழே, அதாவது ஆட்டம் முடிந்தது.

"எல்லாக் கண்மாயும் ஒரே சைஸா? எல்லாம் ஒரே தூரமா?" என்று கேட்டாள். என் மாணவர்களில் ஒருத்தர் இதைக் கேட்டிருந்தால் வகுப்பிலேயே கட்டிப்பிடித்திருப்பேன்.

அதுதான் ஹான்ஸ்கி செய்த வேலை. ஆக்ஸ்போர்டில் சாணி வண்டுகளை வைத்து முனைவர் பட்டம் வாங்கியவர். ஒவ்வொரு சாணிக் குவியலும் வண்டுக்கு ஒரு தீவு. சீக்கிரம் காய்ந்துவிடும், அடுத்த குவியலுக்குப் போகணும். அங்கிருந்து புல்வெளிக்கு வந்தார். 1994-இல் அவர் கொடுத்த கணித மாதிரியில் பெரிய துண்டு எளிதில் அழியாது, பக்கத்துத் துண்டில் ஆள் இருந்தால் காலித் துண்டு சீக்கிரம் நிரம்பும், தூரம் கூடக்கூட வாய்ப்பு குறையும். இந்தப் பட்டாம்பூச்சி பெரும்பாலும் சில நூறு மீட்டர் போகும், துணிந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர். 2000-இல் ஓட்டோ ஒவஸ்கைனன் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, அத்தனை துண்டுகளின் பரப்பையும் இடைவெளியையும் ஓர் அணியில், அதாவது எண்களின் கட்டத்தில் போட்டு, ஒரு நிலப்பரப்பு முழுமைக்கும் ஒற்றை எண்ணை எடுத்துவிட்டார்கள். அந்த எண் ஓர் அளவுக்குக் கீழே போனால், நல்ல துண்டுகள் மிச்சம் இருந்தாலும் இனம் நிற்காது. உடனே தெரியாது, கொஞ்ச காலம் ஓடும். அதற்கு அழிவுக் கடன் என்று பெயர். பூச்சி இன்னும் பறந்துகொண்டிருக்கும், கணக்கில் மட்டும் செத்திருக்கும். வட்டிக்கு வாங்கிக் கல்யாணம் நடத்திய வீட்டில் மறுநாள் காலையிலும் வாழைமரம் நிற்குமே, அந்த மாதிரி.

"அணியில ஐகன் மதிப்பா?" என்றாள். ஆமாம், அணியிலிருந்து பிழிந்தெடுக்கும் அந்த மதிப்புகளில் மிகப் பெரியதுதான் அந்த ஒற்றை எண். தான் எழுதும் தேடல் நிரலிலும் அதேதான் என்று மேற்கொண்டு அவள் எனக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தாள். பாதி புரிந்தது.

சாயங்காலம் தூறல் விட்டதும் நடந்து போய் ஒரு யூரோ போட்டுவிட்டு வந்தோம்.

செப்டம்பர் 8, திங்கள்: கூடு

காலையில் சால்ட்விக் போகும் சாலையில் ஒரு பாறைச் சரிவில் இரண்டு இளைஞர்கள் மண்டியிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். தொலைந்த மூக்குத்தியைத் தேடுவது போல. பக்கத்தில் ஒரு கார், தலையில் தொப்பி, கையில் டேப்லெட். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன் என்று மகள் சொல்கிறாள். நான் நடந்ததாகத்தான் ஞாபகம்.

ஒரு பையன், ஒரு பெண், இருவரும் மாணவர்கள். கணக்கெடுப்பு முடியும் கட்டத்தில் இருந்தது. இந்தியாவில் பல வருடம் இதைப் பாடம் நடத்தினேன் என்றதும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஹான்ஸ்கி 2016-இல் காலமாகிவிட்டார். இவர்கள் அவரைப் பார்த்ததே இல்லை.

அந்தத் துண்டில் அவர்கள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பையன் டேப்லெட்டில் எண்ணைத் தேடி, செடி எவ்வளவு, புல் எவ்வளவு உயரம், மேய்ச்சல் உண்டா, எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பதிந்து, கடைசியில் கூடு: பூஜ்யம் என்று போட்டான். அந்தப் பூஜ்யத்துக்கு அவர்கள் செலவிட்ட நேரம் முக்கால் மணி. "போன வருடம் இருந்ததா?" என்றேன். இல்லை. அதற்கு முந்தி? இருந்தது. வருடத்துக்கு நூறு துண்டு போலக் காலியாகின்றன, வேறு நூறு போல நிரம்புகின்றன. காலியை விட்டுவிட்டு எண்ணினால் எங்கே புதிதாகக் குடியேறினார்கள் என்று எப்படித் தெரியும் என்று அவனே திருப்பிக் கேட்டான். கரும்பலகையில் காலி வட்டத்தை நான் எப்போதும் அவசரமாகத்தான் போடுவேன்.

"வாருங்கள், அடுத்ததில் காட்டுகிறேன்" என்றாள் அந்தப் பெண். இருநூறு மீட்டர் தள்ளி, வேலிக்கும் பாறைக்கும் இடையில் இரண்டு கட்டில் அகலம். அவள் உட்கார்ந்து புல்லை விரலால் வகிடு எடுப்பது போல விலக்கினாள்.

முதலில் எனக்குச் சிலந்தி வலை என்றுதான் பட்டது. பிளாண்டாகோவின் நாலைந்து இலைகளைச் சேர்த்து இழுத்து, வெள்ளைப் பட்டால் சுற்றித் தைத்தது போல ஒரு பொட்டலம், உள்ளங்கைக்குள் அடங்கும். இலையின் பச்சை சுரண்டப்பட்டு நரம்பு மட்டும் பழுப்பாக மிச்சம். பட்டு நூலில் ராத்திரி மழையின் துளிகள், அவற்றுக்கு நடுவே கடுகைவிடச் சின்ன எச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கறுப்பாக ஏதோ நெருங்கிக் கிடந்தது. கண் பழகியதும் முள் தெரிந்தது, அரிசியைவிடக் கொஞ்சம் நீளமான புழுக்கள், ஒன்றன்மேல் ஒன்று. எல்லாம் ஒரே தாய் ஒரே இடத்தில் இட்ட முட்டைகள். வெயில் பட்டதும் மேலே கிடந்த ஒன்று தலையைச் சொடுக்கியது, உடனே பக்கத்திலிருந்தவையும் சேர்ந்து சொடுக்கின, ஒரே ஆளாக. மகள் சத்தம் போட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பனிக்கு அடியில் இப்படியே கிடந்து வசந்தத்தில் வெளியே வரும். அதற்கு அடையாளமாக அந்தப் பெண் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டாள்.

அவர்களுக்கு ஆப்பிள் கொடுத்தோம். பாறையில் உட்கார்ந்து தின்றுகொண்டே ஒரு கதை சொன்னார்கள். 1991-இல் தூரத்திலிருக்கும் சொட்டுங்கா தீவில், அங்கே இந்தப் பூச்சி பிழைக்குமா என்று பார்க்க, எழுபது சொச்சம் புழுக் குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் புழுக்களில் சிலவற்றுக்குள் ஒரு குளவியின் குஞ்சு இருந்தது. அந்தக் குளவிக்குள் அதைத் தின்னும் இன்னொரு குளவி. இப்போது பூச்சியோடு இரண்டு குளவியும் அந்தத் தீவில் குடித்தனம் நடத்துகின்றன. சீர் வரிசையில் வந்த பெட்டிக்குள் பல்லி இருந்த கதைதான்.

கிளம்பும் நேரத்தில் 2018-ஐப் பற்றிக் கேட்டேன். பையன் ஆப்பிள் காம்பைத் தூக்கிப் போட்டான். அந்தக் கோடையில் மழை இல்லை. செடி காய்ந்தது, சின்னப் புழுக்கள் பட்டினி. அந்த வருடமே எண்ணிக்கை கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து காணாத பள்ளத்துக்குப் போனது. ஒரு துண்டு போனால் பக்கத்துத் துண்டு கைகொடுக்கும், அதுதான் இந்த ஏற்பாட்டின் பலம். வறட்சி எல்லாத் துண்டையும் ஒரே வருடத்தில் தொடுகிறது. முன்பு ஒவ்வொன்றும் தன் போக்கில் ஏறி இறங்கியது, இப்போது சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்குகிறது.

எனக்கு 2016 ஞாபகம் வந்தது. வடகிழக்குப் பருவமழை பொய்த்து, மேல் கண்மாய், கீழ்க் கண்மாய், ஊரணி எல்லாம் ஒரே சமயத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. மறுகால் எங்கிருந்து வரும்? பிற்பாடு வாளியில் மீன்குஞ்சு வாங்கிவந்து விட்டார்கள். நேற்று மகளிடம் அவ்வளவு அழகாகச் சொன்ன கண்மாய்ச் சங்கிலியில் இதைச் சொல்ல விட்டுப்போயிற்று. ராத்திரி சொன்னேன். "அப்ப உன் சங்கிலியும் மழையை நம்பித்தானேம்மா" என்றாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்: திரும்புதல்

பாட்டி ஒரு கறுப்பு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. உண்ணி அட்டையையும் மகள் கையில் வைத்தார். காலில் வட்டத்துக்கு வெளியே சிவப்பு பரவவில்லை.

கப்பலில் மகள் கிளான்வில் யார் என்று தேடிப் படித்துச் சொன்னாள். எலினர் கிளான்வில், பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பூச்சி சேகரித்த சீமாட்டி. 1709-இல் அவர் இறந்த பிறகு, உயிலில் ஏமாந்த சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்களாம். பட்டாம்பூச்சி பின்னால் ஓடியவளுக்குப் புத்தி சரியாக இருந்திருக்காது, அதனால் உயில் செல்லாது என்று. "நீ உயில் எழுதிட்டியாம்மா?" என்றாள்.

துர்கு துறைமுகத்தில் இறங்கும்போது எட்டு மணி, குளிர். இந்தப் பக்கத்து நிலத்தில் அந்தப் பூச்சி 1970-களின் கடைசியிலேயே அற்றுப்போய்விட்டது. பஸ் நிறுத்தத்தில் நடைபாதைக் கல்லிடுக்கில் ஒரு பிளாண்டாகோ. பெட்டியை விட்டுவிட்டுக் குனிந்தேன். நிறுத்தத்தில் நின்றிருந்த ஆள் ஒன்றும் கேட்காமல் இரண்டடி தள்ளி நின்று எனக்கு வெளிச்சம் விட்டார். நீள இலை இல்லை, அகல இலை. அது வேறு ரகம், இந்தப் புழுவுக்கு ஆகாது. இலையைத் திருப்பி அடியிலும் பார்த்தேன்.

"அம்மா, பஸ் வந்துருச்சு."